ஜெயா பரிமாறிய பிரிவு

ஜெயாவின் வீட்டு வாசலை மிதித்துவிட்டு வயிறு காலியாகத் திரும்பிய மனிதப் பிறவி கேமரன் மலையில் ரிங்லெட்டிலிருந்து கோலா தெர்லா வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. மின்சார மீட்டர் பார்க்கிற மலாய்க்காரர் மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டியவர். ஜெயாவின் நெத்திலி சம்பலை ஒரே ஒரு தடவை நாக்கில் வைத்தார். அதற்கப்புறம் மீட்டர் சரியாக ஓடுகிறதா என்று வாரா வாரம் கவலைப்பட ஆரம்பித்துவிட்டார். ஸ்ட்ராபெர்ரித் தோட்டத்துக்கு வழி கேட்டு வந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டு, பெஞ்சில் படுத்து உறங்கி, சாயங்காலம் எழுந்து கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனது. ஸ்ட்ராபெர்ரி என்ற சொல்லையே அது மறந்திருந்தது.

ஜெயாவுக்கு ஒரு வரம் உண்டு. எதிரே நிற்கிறவர் முகம் எதைக் கேட்கிறது என்று, வாயைத் திறக்கும் முன்பே தெரிந்துவிடும். தெரிந்தால் சும்மா இருக்கமாட்டாள். இல்லாததையும் உண்டாக்கிக் கொடுத்துவிடுவாள். இந்த வரம்தான் ஒரு முனைவர் பட்ட ஆய்வைப் பள்ளத்தில் கவிழ்க்கப் பார்த்தது.

ஆய்வு வேறு யாருடையதும் இல்லை. அவள் பெற்ற ஒரே மகள் விக்னேஸ்வரியுடையது.

தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்து, கோலாலம்பூர் பல்கலைக்கழகத்தில் படித்து, அதற்கு மேலும் படித்து, இனிமேல் படிப்பதற்கு ஒன்றும் பாக்கி இல்லை என்று ஊரே நினைத்த சமயத்தில் அவள் ‘டாக்டர் பட்டத்துக்கு’ என்று ஒரு பையோடு வந்து இறங்கினாள். மலைத்தோட்டத்துத் தமிழர்கள் வாயால் சொல்லும் கதைகளில் என்னென்ன கருப்பொருள்கள் இருக்கின்றன என்று ஆராயப் போகிறாளாம். லைனே பூரித்துப்போனது. ஜெயாவின் கணவர் கந்தசாமி, தொழிற்சாலையில் இலை வாட்டுகிற மாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அன்றைக்கே ரிங்லெட் டவுனுக்கு மோட்டார் சைக்கிளில் போய், “என் மக நம்ம கதையெல்லாம் எடுத்து உலகத்துக்குக் காட்டப் போறா” என்று கோப்பிக்கடை, முடிவெட்டும் கடை, காய்கறி லோரி நிற்கும் இடம் எல்லாவற்றிலும் அறிவித்துவிட்டு வந்தார். ஒரு சீனர் கடையிலும் அறிவித்தார். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் ஒரு கட்டுக் கீரை இனாமாகக் கொடுத்தார்.

“கருப்பொருள்னா என்னா பாப்பா?” என்று முதல் நாளே கேட்டாள் ஜெயா, வெங்காயம் உரித்துக்கொண்டே.

“ஒரு கதையில இருந்து ஆள எடுத்துரு, ஊர எடுத்துரு, புலி, பேய், மாடு, லோரி எல்லாத்தையும் எடுத்துரு. அப்பறமும் மிச்சம் ஒண்ணு நிக்கும் பாரு. அதான்மா.”

“எல்லாத்தையும் எடுத்துட்டா என்னா மிச்சம் நிக்கும்? தேத்தண்ணி வடிச்ச சக்கைதான்.”

“சக்கை இல்லம்மா. அதுதான் சாரம். இப்ப நம்ம ஆளுங்க எல்லாம் கப்பலேறி வந்தவங்க. ஆத்தா அப்பன விட்டுட்டு வந்தவங்க. அப்போ அவங்க சொல்ற கதையில எல்லாம் பிரிவு இருக்கும். மாட்டுக் கதையா இருந்தாலும் பிரிவு இருக்கும். என் ஆய்வே அதுதான். பிரிவு எப்படி எப்படியெல்லாம் வேஷம் போட்டுக்கிட்டு வருதுன்னு காட்டணும்.”

ஜெயா தலையாட்டினாள். மகள் சொல்லும்போது முகத்தில் விளக்கு எரிந்தது. அந்த விளக்கு போதும், மற்றது புரியாவிட்டால் என்ன.

விளக்கு மறுநாளே அணைந்தது.

மறுநாள் விக்னேஸ்வரி கதை கேட்கப் போனது சின்னக்கருப்பனிடம். சின்னக்கருப்பனுக்கு என்ன வயது என்று அவருக்கும் தெரியாது, பேரேடு எழுதுகிற தோட்டத்துக் கிராணிக்கும் தெரியாது. அவர் கதை சொல்ல உட்கார்ந்தால் மலையில் பனி இறங்குவது ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுத்தான் இறங்கும் என்பார்கள். கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு விக்னேஸ்வரி, “தாத்தா, உங்க அப்பா காலத்துக் கதை ஏதாச்சும்” என்றாள்.

அவர் கள்ளுக்கடைக்கு வந்த புலியின் கதையைச் சொன்னார். புலி வந்தது, எல்லாரும் ஓடினார்கள், கங்காணி மட்டும் போதையில் ஓடாமல், புலியைப் பக்கத்து லைன் முனியாண்டி என்று நினைத்து, நேற்று பெரட்டுக்கு ஏன் வரவில்லை என்று வைது தீர்த்தார், புலி தலையைக் குனிந்துகொண்டு காட்டுக்குப் போய்விட்டது. மறுநாள் விடியற்காலை பெரட்டில் எல்லாரும் பெயர் கூப்பிட வரிசையில் நிற்கும்போது புலியும் வந்து கடைசியில் நின்றது.

விக்னேஸ்வரி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்து, “அந்தப் புலியோட அப்பா அம்மா? குடும்பம்? யாரையாச்சும் விட்டுட்டு வந்துச்சா தாத்தா?” என்று கேட்டாள்.

“புலிக்கு என்னா குடும்பம்? சுதந்திரமான ஆளுலா அது.”

அடுத்து லூர்தம்மாள். பக்கத்து வீடு, மாதா படத்துக்கு முன் மெழுகுவர்த்தி எரியாத நாள் இல்லை. அவள் சொன்னது துரையின் கோட்டை ஆடு தின்ற கதை. அதற்கு அடுத்து தங்கம்மா. மூன்றாம் லைனில் கோழி வளர்ப்பவள். அவள் சொன்னது பேய்க்குக் கல்யாணம் பேசி வைத்த கதை. ஒரு வாரம் அலைந்ததில் விக்னேஸ்வரிக்குக் கிடைத்தது புலி, ஆடு, பேய், மூக்குப்பொடி, துரை வழுக்கி விழுந்தது, துரையின் மனைவி வழுக்கி விழுந்தது, இரண்டு பேரும் சேர்ந்து வழுக்கி விழுந்தது. பிரிவு மருந்துக்குக்கூட இல்லை.

சாயங்காலம் அவள் சமையலறை வாசலில் உட்கார்ந்து மடிக்கணினியை வெறித்தாள்.

“என்னா பாப்பா, கதை கிடைக்கலையா?”

“கதை கொட்டுதும்மா. நான் தேடுறதுதான் இல்ல. என் வழிகாட்டி டாக்டர் சுபத்ராகிட்ட பிரிவு, பிரிவுன்னு எழுதிக் குடுத்துட்டேன். அவங்க எங்க பிரிவுன்னு கேட்டா, இந்தப் புலியக் காட்டவா? தலைப்பு செல்லாதுன்னு சொல்லிட்டா முதல்லேருந்து ஆரம்பிக்கணும். இத்தன வருஷமும் வீண். பட்டமும் போச்சு.”

ஜெயா மகளின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் ஒன்றைக் கேட்டது. ஜெயாவுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை அவள் வேலைக்காட்டுக்குப் போனாள். இப்போதெல்லாம் கொழுந்தைக் கையால் கிள்ளுவதில்லை. தேயிலை நிரைக்கு இரண்டு பக்கமும் ஆள் நின்று மெஷினைத் தூக்கிப் பிடித்துச் செடியின் மேலே ஓட்டினால், பின்னால் கட்டிய நீளப் பையில் இலை போய் விழும். பையின் வாலைப் பிடித்துக்கொண்டு நடப்பது ஜெயா. மெஷின் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் வாயசைப்புதான் தெரியும். பத்து மணித் தேத்தண்ணிக்கு மெஷினை நிறுத்தியதும், காது அடைத்தபடி அவள் லூர்தம்மாளைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

“லூர்தக்கா, பாப்பாவுக்குப் பிரிவு வேணுமாம்.”

“ஐயோ மாதாவே! யாரு பையன்?”

“ச்சீ! கதையிலக்கா. யாராச்சும் யாரையாச்சும் பிரியணும். அது இல்லன்னா பட்டம் குடுக்க மாட்டாங்களாம்.”

“அட, இதானா? முன்னாடியே சொல்லக்கூடாது? நான் பாட்டுக்கு ஆட்டப் பத்திச் சொல்லிட்டேன் பாரு. பாவம், புள்ள ஒண்ணும் சொல்லாம கேட்டுக்கிட்டு இருந்துச்சு.” லூர்தம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். விருந்தாளிக்குச் சர்க்கரை போடாத கோப்பி கொடுத்துவிட்ட மாதிரி அவளுக்கு வெட்கமாகிவிட்டது. “என்னா மாதிரிப் பிரிவு வேணும்? சொல்லு, போட்டுருவோம்.”

ஜெயா யோசித்தாள். இலைப் பையின் வாலைக் கையில் திருகிக்கொண்டே யோசித்தாள்.

“ஒருத்தர் வண்டியேறிப் போறாங்க. இன்னொருத்தர் சாப்பாடு கட்டி எடுத்துக்கிட்டு வந்து நிக்கிறாங்க. வண்டி போயிருச்சு. பாத்தா, தூக்குச் சட்டி இன்னும் கையிலயே இருக்கு. குடுக்க மறந்துட்டாங்க.”

லூர்தம்மாள் மூக்கை உறிஞ்சினாள். “நல்லாருக்குலா இது. எங்கேருந்து பிடிச்ச?”

“சும்மா தோணுச்சு.”

அதே பொருளை ஜெயா அன்று மாலை தங்கம்மாவுக்கும் கொடுத்தாள். சின்னக்கருப்பனிடம் போனபோது அவர், “பிரிவா? என் கதையில அதெல்லாம் ஒட்டாது தாயி. சிரிக்கிற எடத்துல போய் அழுகையக் கட்டுனா மாட்டுக்கு மூக்குக்கண்ணாடி போட்ட மாதிரி இருக்கும்” என்றார்.

“மாமா, நான் தூக்கிச் சுமந்து வளத்த புள்ள. மூஞ்சியப் பாக்க முடியல.”

“அப்படிங்கிற?” கிழவர் தாடையைச் சொறிந்தார். “சரி. குடு, பாப்போம். சட்டியில என்னா இருக்கு?”

“புளிச்சோறு. நெத்திலி சம்பல். அவிச்ச முட்டை.”

“அப்போ ஒட்டும்.”

அதற்கப்புறம் பிரிவு பெய்தது பாருங்கள், பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்த வருஷத்தில்கூட அவ்வளவு இறங்கியிருக்காது. லைன் முழுக்கச் சேதி பரவிவிட்டது. விக்னேஸ்வரி தெருவில் நடந்தாலே ஜன்னலைத் திறந்து, “பாப்பா, என்கிட்ட ஒரு பிரிவு இருக்கு, வந்து எடுத்துக்க” என்றார்கள். துரையின் கோட்டைத் தின்ற ஆடு இப்போது சந்தைக்கு லோரியேறிப் போனது. அதை வளர்த்த பெண் தூக்குச் சட்டியோடு நின்றாள். பேய்க்குக் கல்யாணமாகி மறுவீடு போகும்போது, பேயின் தாய் தூக்குச் சட்டியோடு மரத்தடியில் நின்றாள். சின்னக்கருப்பன் தம் அப்பாவை நாகப்பட்டினத்தில் கப்பலேற்றி, கரையில் ஒரு கிழவியை நிறுத்தி, அவள் கையிலும் ஒரு தூக்குச் சட்டியைக் கொடுத்தார். சொல்லிமுடித்துவிட்டு அவரே அன்று கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சரித்திரத்தில் அது முதல் தடவை.

விக்னேஸ்வரியின் முகத்தில் விளக்கு பெட்ரோமாக்ஸாக எரிந்தது. மாதக்கணக்கில் இரவும் பகலும் தட்டச்சு செய்தாள்.

“அம்மா, நான் பிரிவத் தேடித்தான் போனேன். ஆனா அதுக்குள்ள இன்னொண்ணு கிடைச்சிருக்கு. இதக் கதைக்கூறுன்னு சொல்வாங்க. கதைக்குக் கதை திரும்பத் திரும்ப வர்ற ஒரு சின்னத் துண்டு. வேற வேற ஆளு, வேற வேற காலம், ஒருத்தர ஒருத்தர் பாத்துச் சொன்னது இல்ல. ஆனாலும் எல்லாக் கதையிலயும் குடுக்காமப் போன தூக்குச் சட்டி! இது எங்கிருந்து வந்திருக்கும்? கப்பலுக்கும் முன்னாடியே வந்திருக்கணும். நூறு வருஷமா, அதுக்கும் மேல, ஒரு ஜனம் முழுக்க இந்தச் சட்டியத் தூக்கிக்கிட்டு நிக்குதும்மா!”

ஜெயா தோசைக் கரண்டியோடு நின்றாள்.

“ஏம்மா மறந்தாங்க? அங்கதான் இருக்கு விஷயம். குடுத்துட்டா போறது உறுதியாயிரும். போறத மனசு ஒத்துக்கல. அதனால கை மறந்துருது. அந்த மறதிதான் என் மூணாவது அத்தியாயம்.”

“தோசை கருகுது பாப்பா” என்று ஜெயா திரும்பிக்கொண்டாள்.

என்னவோ நடக்கிறது என்று கந்தசாமிக்குத் தோன்றியது. வாழ்நாளெல்லாம் இலையைக் கையால் அள்ளி வாடிவிட்டதா என்று சொல்லிப் பழகியவர். “ஏ புள்ள, நீ ஏன் வாடிப்போய் இருக்க?” என்று கேட்டார். “குளிரு” என்றாள் ஜெயா. கேமரன் மலையில் இந்த ஒரு பதிலை யாரும் மறுக்க முடியாது.

அப்படியே போயிருந்தால் தூக்குச் சட்டிக்கு டாக்டர் பட்டம் கிடைத்திருக்கும். ஆனால் மூன்றாவது அத்தியாயத்தைப் படித்த டாக்டர் சுபத்ராவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கதை சொன்னவர்கள் வாயாலேயே கேட்கவேண்டும் என்று ஒரு சனிக்கிழமை காரோட்டிக்கொண்டு மலையேறிவிட்டார்.

வழிகாட்டிப் பேராசிரியர் என்றால் கண்ணாடியும் கடுகடுப்புமாக இருப்பார் என்று லைன் எதிர்பார்த்தது. வந்தவர் குட்டையாக, குண்டாக, வளைவுகளில் தலை சுற்றி முகம் வெளுத்து இறங்கினார். ஜெயா இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தாள். அதற்கப்புறம் இடியாப்பம் கொடுத்தாள். அதற்கப்புறம் பேராசிரியரின் முகத்துக்கு நிறம் வந்து, “இங்கேயே ஒரு வீடு பாத்துக் குடுங்களேன்” என்றார்.

ஜெயாவின் வீட்டுக் கூடத்திலேயே எல்லாரும் கூடினார்கள். பேராசிரியருக்கு முன்னால் குறைத்துக் கொடுத்தால் பாப்பாவுக்கு மரியாதை இல்லை என்று ஒவ்வொருவரும் முடிவு செய்துகொண்டு வந்திருந்தார்கள். வினை அங்கேதான்.

தங்கம்மாவின் கதையில் முன்பு ஒரு தூக்குச் சட்டி, இன்றைக்கு இரண்டு. லூர்தம்மாள் ஆட்டைப் பிரித்து, ஆட்டை வளர்த்தவளைப் புருஷனிடமிருந்து பிரித்து, புருஷனை அவன் தம்பியிடமிருந்தும் பிரித்துவிட்டு, “இன்னும் வேணுமா டாக்டர்?” என்று கேட்டாள். கடைசியாகச் சின்னக்கருப்பன் எழுந்து நின்றார். துண்டை உதறித் தோளில் போட்டார். கள்ளுக்கடைப் புலி, பெரட்டில் நின்ற புலி, இப்போது காட்டைவிட்டுத் தோட்டத்துக்குக் கிளம்புகிறது. காட்டின் ஓரத்தில் பெண்புலி வந்து நிற்கிறது.

“வாயில என்னா கவ்வியிருக்குங்கிறீங்க?” என்று நிறுத்தினார் கிழவர்.

“மாமா, வேணாம்” என்றாள் ஜெயா மெதுவாக.

“தூக்குச் சட்டி!”

கூடமே கண்ணைத் துடைத்தது. பேராசிரியர் மட்டும் துடைக்கவில்லை. அவர் புருவம் மேலே ஏறி அங்கேயே நின்றது.

“ஐயா, அந்தச் சட்டி எப்படி இருந்துச்சு?”

“எப்படின்னா? நாலு அடுக்கு. எவர்சில்வரு. மேல பச்சைப் பிளாஸ்டிக் கைப்பிடி. உள்ள புளிச்சோறு, நெத்திலி சம்பல், அவிச்ச முட்டை.”

“தங்கம்மா, உங்க கதையில பேயோட அம்மா வச்சிருந்தது?”

“நாலு அடுக்குதான். பச்சைக் கைப்பிடி.”

“நாகப்பட்டினத்துல, கப்பல் காலத்துல, பிளாஸ்டிக் கைப்பிடி?”

“அப்ப இருந்திச்சோ இல்லையோ, நமக்கு என்னா தெரியும் டாக்டர்?” என்று லூர்தம்மாள் உதவிக்கு வந்தாள். பேராசிரியருக்கு விளங்கட்டும் என்ற நல்ல மனசில் கையை நீட்டி, “தோ, அங்க ஆணியில தொங்குது பாருங்க, அது மாதிரி” என்றாள்.

எல்லாத் தலையும் ஜெயாவின் சமையலறைப் பக்கம் திரும்பியது. நாலு அடுக்கு. எவர்சில்வர். பச்சைக் கைப்பிடி.

விக்னேஸ்வரியின் தலைதான் கடைசியாகத் திரும்பியது. சட்டியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். கதை சொன்னவர்கள் ஒவ்வொருவரும் ஜெயாவைப் பார்ப்பதையும் பார்த்தாள்.

“நீயாம்மா?”

ஜெயா எழுந்துபோய்ச் சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

“நான் எழுதினது எல்லாம்... நூறு வருஷம்னு எழுதியிருக்கேம்மா!”

“பாப்பா, கோபப்படாத. உங்கம்மா ஒண்ணும் கெட்ட எண்ணத்துல...” என்று தங்கம்மா ஆரம்பித்தாள். “நாங்களும் நல்லா இருக்கட்டும்னுதான் கூட ஒண்ணு போட்டோம்.”

“கதையக் கேட்டா கதையக் குடுக்கணும் அத்த! எனக்கு என்னா புடிக்கும்னு பாத்துப் பாத்துக் குடுத்தா அது ஆராய்ச்சியா, விருந்தா?”

யாருக்கும் வித்தியாசம் புரியவில்லை. விக்னேஸ்வரி எழுந்து வெளியே போய்விட்டாள்.

கூட்டம் கலைந்தது. சின்னக்கருப்பன் போகும்போது ஜெயாவின் காதில், “புலி வரைக்கும் போயிருக்கக் கூடாது, இல்ல?” என்றார்.

பேராசிரியர் போகவில்லை. சமையலறைக்குள் வந்து முக்காலியில் உட்கார்ந்து, “அந்தச் சம்பல் இன்னும் இருக்காம்மா?” என்றார். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். “இது நீங்களா இட்டுக்கட்டுனதா? இல்ல, நடந்ததா?”

ஜெயா அடுப்பைத் துடைத்தாள். சுத்தமாக இருந்த அடுப்பை இன்னொரு தடவை துடைத்தாள்.

“நடந்ததுதான்” என்று பேராசிரியர் தாமே சொல்லிக்கொண்டார். “இட்டுக்கட்டுறவங்க சட்டிக்குள்ள என்னா இருக்குன்னு சொல்ல மாட்டாங்க.”

கிளம்பும்போது காருக்குப் பக்கத்தில் நின்ற விக்னேஸ்வரியிடம், வாசலில் இருந்த ஜெயாவுக்கும் கேட்கும்படியாகவே பேசினார்.

“இந்த அத்தியாயம் இப்படியே போகக்கூடாது விக்னேஸ்வரி. போச்சுன்னா பொய். தூக்கிப் போட்டுட்டு மறுபடி ஆரம்பிக்கலாம், வருஷமாகும். இன்னொரு வழியும் இருக்கு. ஒரு கதைக்கூறு எங்க பிறந்துச்சுன்னு யாருமே பாத்தது இல்ல. நாம பாக்குறப்ப அதுக்கு வயசாகியிருக்கும். உனக்கு உன் வீட்டு ஆணியிலயே பிறந்து, லைன் முழுக்க நடந்து, புலி வாய் வரைக்கும் போயிருக்கு. அத அப்படியே எழுதலாம். ஆனா முதல் வாய் யாரோடதோ, அவங்க சொல்லணும். அவங்க சம்மதிக்கணும்.”

கார் பனிக்குள் போனது.

அன்றைக்கு இரவு விக்னேஸ்வரி சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை, ரொட்டித் துண்டு வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். ஜெயாவின் சரித்திரத்தில் விழுந்த முதல் ஓட்டை அது. மீட்டர்காரர் வந்தார், ஜெயா அவருக்குப் பரிமாற மறந்தாள். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக மீட்டரைப் பார்த்துவிட்டுப் போனார்.

“போய்ச் சொல்லு புள்ள” என்றார் கந்தசாமி. “உள்ளதச் சொல்றதுக்கு என்னா?”

“உங்களுக்குத் தெரியாது. சும்மா இருங்க.”

“எனக்கு என்னா தெரியாது? அன்னிக்கு ரிங்லெட்ல பாப்பாவ பஸ் ஏத்திட்டு நீ ஒரு மணி நேரம் கழிச்சு வந்த. சட்டி காலியா இருந்துச்சு. புள்ள கையில குடுத்துட்டு சட்டிய மட்டும் எப்படித் திரும்பிக் கொண்டாந்தன்னு நான் இன்னி வரைக்கும் கேட்டேனா?”

ஜெயா அவரைப் பார்த்தாள். இலை மட்டும் பார்க்கிற மனிதர் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள்.

“சொன்னா அத எழுதுவா. கோலாலம்பூர்ல நாலு பேரு படிப்பாங்க. நான் நின்ன நெலமையப் பாத்துச் சிரிப்பாங்க.”

“புலியப் படிச்சுட்டு உன்னப் பாத்தா சிரிக்கப் போறாங்க?”

திங்கட்கிழமை பொது விடுமுறை. அதிசயமாக மலையில் வெயில் அடித்தது. வீட்டுக்குப் பின்னால் சரிவில் ஜெயா போட்டிருந்த நாட்டுக்கீரைப் பாத்தியில் அவள் களை பறித்துக்கொண்டிருந்தாள். விக்னேஸ்வரி வந்து பக்கத்துப் பாத்தியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் களை பறித்தார்கள். விக்னேஸ்வரி பறித்ததில் பாதி கீரை.

“அது என் மேல உள்ள கோவமா, கீரை மேல உள்ள கோவமா?”

“அம்மா, அந்தச் சட்டி எனக்குக் கட்டுனதா?”

ஜெயா ஒரு புல்லை வேரோடு இழுத்தாள்.

“நான் முதமுதல்ல பல்கலைக்கழகத்துக்குப் போன அன்னிக்கா?”

“ம்.”

“இத ஏம்மா என்கிட்ட சொல்லல? ஊருக்கெல்லாம் சொல்லியிருக்க. பேய்க்குச் சொல்லியிருக்க, ஆட்டுக்குச் சொல்லியிருக்க. நான் ஆறு மாசமா கையில போன வச்சுக்கிட்டு வீடு வீடா அலைஞ்சேன்.”

“நீ கேக்கலையே. நீ கப்பல்ல போனவங்களப் பத்தித்தான கேட்ட.”

விக்னேஸ்வரி கையிலிருந்த களையைக் கீழே போட்டாள். உண்மையில் அவள் அந்த லைனில் எல்லா வீட்டிலும் கேட்டிருந்தாள். ஒரு வீட்டைத் தவிர.

“சரி. இப்ப கேக்குறேன். ஏன் மறந்த?”

“மறக்கல.”

“எல்லாக் கதையிலயும் மறந்துட்டாங்கன்னுதான...”

“அது கதைக்குச் சொன்னது. நான் ஒண்ணும் மறக்கல. விடியக்காலையில எழுந்து புளிச்சோறு கிண்டுனேன். நீதான் முதல் நாளே சொல்லிட்ட. அம்மா, எதையும் கட்டிக் குடுத்துராத, அங்க கேண்டீன் இருக்கு, புதுப் பிள்ளைங்க முன்னாடி சட்டியத் தூக்கிக்கிட்டுப் போனா மானம் போயிரும்னு. சொன்னியா இல்லையா?”

விக்னேஸ்வரிக்கு நினைவில்லை. நினைவில்லாததாலேயே, சொல்லியிருப்பாள் என்று தெரிந்தது.

“அதான் சுவெட்டருக்குள்ள சுத்தி எடுத்துக்கிட்டு வந்தேன். கேட்டா குடுக்கலாம்னு. உன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஊர்ல எல்லார் மூஞ்சியும் பாத்தா எனக்குத் தெரிஞ்சிரும் பாப்பா. அன்னிக்கு உன் மூஞ்சியில மட்டும் ஒண்ணும் தெரியல. வேணுமா வேணாமான்னு தெரியல. குடுக்கட்டுமா, குடுக்கட்டுமான்னு நிக்கிறேன், பஸ்ஸு கிளம்பிருச்சு.”

“அப்பறம்?”

“அப்பறம் என்னா? பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்து நானே தின்னேன். முட்டை, சம்பல், எல்லாத்தையும். அழுதுக்கிட்டே தின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு.”

விக்னேஸ்வரி சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாகிவிட, மண் ஒட்டிய புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். மூக்கில் மண் ஒட்டியது. ஜெயா முந்தானையை எடுத்து அதைத் துடைத்துவிட்டாள்.

“மூணாவது அத்தியாயமே தப்பும்மா. நான் மறதின்னு எழுதிட்டேன். அது மறதி இல்ல.”

“என்னான்னு எழுதுவ?”

“தெரியல. பேரே இல்ல அதுக்கு.” கொஞ்சம் தயங்கினாள். “நீ சொல்றியா? முதல்லேருந்து. நான் பதிவு பண்றேன். நீ வேணாம்னா வேணாம்மா. நான் புதுசா ஆரம்பிச்சுக்குறேன்.”

ஜெயா மகளின் முகத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை நன்றாகத் தெரிந்தது. வேணாம் என்றாலும் இந்தப் பெண் ஒன்றும் சொல்லமாட்டாள். எழுந்துபோய் அத்தனையும் மறுபடி ஆரம்பிப்பாள்.

“என் பேரப் போடுவியா?”

“சொன்னவங்க பேரு போட்டுத்தான் ஆகணும்.”

“அப்ப நல்லாச் சொல்லணும்லா.” கையை உதறி எழுந்தாள். பாத்தி ஓரத்துக் கல்லில் புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். தலைமுடியை ஒதுக்கினாள். ஒலிப்பதிவுக்கு முகம் தெரியாது என்று விக்னேஸ்வரி சொல்லவில்லை.

“போட்டுட்டியா? சிவப்பு வந்துருச்சா?”

“வந்துருச்சு. சொல்லு.”

ஜெயா தொண்டையைச் செருமினாள். சின்னக்கருப்பன் துண்டை உதறுவது மாதிரி முந்தானையை ஒரு உதறு உதறினாள்.

“என் பேரு ஜெயா. கொழுந்துக் காட்டுல வேலை. என் மக மேல்படிப்புக்குப் போன அன்னிக்கு ரிங்லெட்ல அப்படி ஒரு மழை. நிக்கிற எடம் தெரியல, எதிர்க்க உள்ள கடை தெரியல. பஸ்ஸு எந்தப் பக்கம் திரும்புச்சுன்னுகூடத் தெரியாத மழை...”

“அம்மா, அம்மா, இரு. மறுபடி இட்டுக்கட்ட ஆரம்பிக்காத. அன்னிக்கு மழையே இல்ல. நல்ல வெயிலு. நான்தான் அங்க இருந்தேனே.”

“உனக்கு எப்படித் தெரியும் பாப்பா?” என்றாள் ஜெயா. “நீ பஸ்ஸுக்குள்ளதான இருந்த.”